பிளேட் மட்டும் மாத்துங்கண்ணே!

"பி.காம் படிக்கிற பையன், உனக்கு கிளட்சைப் பத்தி என்னடா தெரியும்?"னு வகுப்புல சிரிக்கப் போறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். ஒண்ணும் தெரியாமத்தான் இருந்தேன். 21,300 ரூபாய் கொடுத்துக் கத்துக்கிட்டேன். அதுல ஒத்தை ரூபாகூட என்னோடது இல்லை, எல்லாம் எங்க அப்பா லோடு அடிச்சு சம்பாதிச்சது. அந்த வயித்தெரிச்சல்லதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க.

சண்டை யாரோடன்னு கேட்டா, ஒரே ஒரு வாக்கியத்தோட. "பிளேட் மட்டும் மாத்துங்கண்ணே, போதும்." எந்த ஊர் ஷெட்டுக்கு வேணா போய் நின்னு பாருங்க. பழைய பிக்கப் ஒண்ணு கிளட்ச் போய் வந்து நின்னா, வண்டிக்காரர் வாயில முதல்ல வர்றது இதுதான். ஷெட்காரரும் தலையாட்டுவார். கியர் பாக்ஸ் இறங்கும், பழைய பிளேட் வெளிய வரும், புது பிளேட் உள்ள போகும், சாயந்திரம் வண்டி ரோட்டுக்கு வந்துடும். ரெண்டு பேருக்கும் திருப்தி. இதுக்குப் பேரு சிக்கனமாம். தன் பாக்கெட்டுல தானே கை விட்டு அடிக்கிற பிக்பாக்கெட்னு நான் சொல்றேன்.

கிளட்ச் எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிடறேன். (மெக்கானிக்கல் நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடலாம். தப்பு கண்டுபிடிக்கணும்னா மட்டும் படிங்க.) எஞ்சினோட பின்பக்கம் ஃப்ளைவீல்னு கனமான இரும்புச் சக்கரம் சுத்திட்டு இருக்கு. அதுமேல பிரஷர் பிளேட்டை போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க, ஷெட் பாஷையில கவர். இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டியிருக்கறதுதான் கிளட்ச் பிளேட். கவருக்குள்ள இருக்கற டயஃப்ராம் ஸ்பிரிங் பிளேட்டை ஃப்ளைவீல் மேல அழுத்திப் பிடிக்கும். அந்தப் பிடிமானம்தான் எஞ்சின் சக்தியை கியர் பாக்ஸுக்குக் கடத்துது. பெடலை மிதிச்சா ஆயில் அழுத்தம் வழியா ஒரு ஃபோர்க் நகரும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், பேரிங் போய் ஸ்பிரிங்கோட விரல்களை அழுத்தும், பிடி விடும். அதாவது தேயற ஜாமான் பிளேட் மட்டும் இல்லை. பிளேட்டோட ரெண்டு பக்கமும் உரசற ஃப்ளைவீல், கவர், அழுத்தற ஸ்பிரிங், தள்ளற பேரிங், எல்லாம் ஒரே வயசு. ஒண்ணா சேர்ந்து கிழவனான கும்பல்ல ஒருத்தனுக்கு மட்டும் புதுச் சட்டை போட்டு ஓடச் சொல்றதுதான் "பிளேட் மட்டும்".

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க ஊரு மேட்டுப்பாளையம். அப்பாகிட்ட 2009 மாடல் பிக்கப் ஒண்ணு இருக்கு. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, பிரச்சனை கம்பெனியோட இல்லை. காலைல கோத்தகிரிப் பக்கம் உரம், சாமான்னு ஏதாவது ஏத்திட்டுப் போவார். வரும்போது கேரட் லோடு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் மலைதான், கிளட்சுக்கு ஓய்வே கிடையாது.

2023 ஆகஸ்ட்ல கிளட்ச் நழுவ ஆரம்பிச்சுது. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா எஞ்சின் கத்துது, வண்டி ஏற மாட்டேங்குது, கூடவே கருகின வாசனை. ஊர்ல ஒரு ஷெட்டுல விட்டார். (பேரு சொல்ல மாட்டேன். நல்ல மனுஷன்தான்.) கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்துட்டு அந்த அண்ணன் அப்பாகிட்ட சொன்ன வார்த்தை இது: "ஏனுங்ணா, கிராங்க் ஆயில் சீல் லேசா கசியுதுங். அதையும் செட்டா கிளட்சையும் மாத்திப் போட்டர்லாமுங்களா?"

அப்பா எனக்கு போன் பண்ணினார். "கண்ணு, செட்டா மாத்தினா பத்தாயிரம் ஆகுமாம். பிளேட் மட்டும்னா அஞ்சுக்குள்ள முடிஞ்சிருமாம். என்ன பண்ட்டும்?" நான் கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்கேன். செமஸ்டர் ஃபீஸ் கட்ட இன்னும் ஒரு வாரம்தான். "ப்பா, பிளேட் மட்டும் மாத்தச் சொல்லுங்க, மிச்சத்தை அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு சொன்னது வேற யாரும் இல்லை, சாட்சாத் நானேதான். அதே வாரம் வகுப்புல காஸ்ட் அக்கவுண்டிங்ல ரெலவன்ட் காஸ்ட் நடத்திட்டு இருந்தாங்க. நான் நோட்ஸ்கூட அழகா எழுதி வெச்சிருந்தேன். அவ்வ்வ்வ்...

2024 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். அஞ்சு மாசம்கூட ஆகலை. காலைல ஏறும்போதே லேசா நழுவியிருக்கு, அப்பா கண்டுக்கலை. கேரட் ஏத்திட்டு இறங்கும்போது, குஞ்சப்பனைக்கு மேல, ரெண்டாவது கியர்ல வர்ற வண்டி பிடிக்கலை. மலையில இறங்கும்போது வண்டியை முக்கால்வாசி பிடிச்சு நிறுத்தறது பிரேக் இல்லைங்க, எஞ்சின். அதுக்காகத்தான் ரெண்டாவது கியர்ல இறங்குன்னு மலைப்பாதையில போர்டு வெச்சிருக்காங்க. ஆனா எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற ஒரே கைப்பிடி கிளட்ச். அது வழுக்கினா நீங்க எந்த கியர்ல இருந்தும் புண்ணியமில்லை. முழு பாரமும் பிரேக் மேல விழும், பிரேக் சூடேறி அதுவும் கை விரிக்கும். அப்பா ஹேண்ட் பிரேக்கும் சேர்த்து இழுத்து, மலையோரமா அணைச்சு, ஒரு டீக்கடைக்குப் பக்கத்துல நிறுத்திட்டார். அவருக்கு ஒண்ணும் ஆகலை. இதை அவர் சொல்லும்போது நடுவுல ரெண்டு தடவை தண்ணி குடிச்சார். நான் ஃபீஸ் ரசீதைப் பத்தி நினைச்சுட்டு இருந்தேன்.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்து இந்தத் தடவை காரமடைல ஒரு பெரியவர்கிட்ட விட்டோம். கியர் பாக்ஸ் இறங்கினதும் எல்லாம் வெளிச்சமாச்சு. கிராங்க் சீல் கசிஞ்சு அஞ்சு மாசமும் புது பிளேட் மேல எஞ்சின் ஆயில் அபிஷேகம் நடந்திருக்கு. பிளேட்டுல இன்னும் நல்ல கனம் இருக்கு, ஆனா எண்ணெய் ஊறி பளபளன்னு ஆயிடுச்சு. தேய்ஞ்சு போன பிளேட் இல்லை அது, நனைஞ்சு போன பிளேட். அந்த சீல் விலை 350 ரூபாய்.

பெட்ரோல்ல கழுவி எமரித் தாள் போட்டுத் தேய்ச்சு மறுபடி மாட்டிடலாம்னு பக்கத்துல ஒருத்தர் யோசனை சொன்னார். பெரியவர் அவரைப் பார்த்த பார்வையிலயே அவர் டீ குடிக்கக் கிளம்பிட்டார். அந்த உராய்வுப் பொருள் எண்ணெயை உள்ள வாங்கி வெச்சுக்கும். மேல கழுவினா மேல மட்டும்தான் போகும், சூடேறினதும் உள்ள இருக்கறது மறுபடி வெளிய வரும்.

இப்ப நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். கணக்கு.

அந்தச் சமயத்துல எங்களுக்கு ஆன விலையைச் சொல்றேன், உங்க வண்டிக்கு வேற மாதிரி இருக்கும். பிளேட் 2,400. கவர் 2,900. ரிலீஸ் பேரிங் 900. மூணும் சேர்ந்த செட் 6,200. பைலட் பேரிங் 150, சீல் 350, ஃப்ளைவீல் லேத்துல ஃபேஸிங் 700, கிளட்ச் ஆயில் 200. கூலி 2,500. ஆக மொத்தம் 10,100. நாங்க முதல் தடவை செலவு பண்ணினது பிளேட்டும் கூலியும் மட்டும், 4,900. "மிச்சம்" 5,200. அன்னிக்கு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்கினேன்.

ஜனவரில அதே 10,100 கட்டினோம். இழுத்துட்டு வந்த வண்டிக்கு 3,500. கேரட்டை மாத்தி ஏத்தி மண்டிக்குக் கொண்டு போன வேற வண்டிக்கு 2,800. பழைய 4,900 ஐயும் சேர்த்தா 21,300. ஒழுங்கா ஒரே தடவைல செஞ்சிருந்தா ஆகியிருக்கும் 10,100 ஐக் கழிங்க, 11,200 தண்டம். ஒழுங்கான வேலைக்கு ரெண்டு நாள் போதும், எங்களுக்கு ஆனது ஆறு நாள், பொங்கலுக்கு ஷெட் லீவு வேற. அதிகமா நின்ன நாலு நாளைக்கு, டீசல் போக நாளைக்கு 1,200னு வெச்சாலும் 4,800. ஆக 5,200 மிச்சம் பிடிக்கப் போய் 16,000 நஷ்டம். அந்த மாசம் பைனான்ஸ் தவணையை சித்தப்பாகிட்டக் கைமாத்து வாங்கித்தான் கட்டினோம். இது பேலன்ஸ் ஷீட்டுல எந்தப் பக்கம் வரும்னு யாராவது சொல்லுங்க.

ஆனா நான் சொல்ல வந்த கணக்கு இது இல்லை, இது வெறும் புலம்பல். உண்மையான கணக்கு ஒரே ஒரு வரி. கியர் பாக்ஸை இறக்கி ஏத்தற கூலி, நீங்க உள்ள ஒரு ஜாமானை மாத்தினாலும் அதேதான், ஆறு ஜாமானை மாத்தினாலும் கிட்டத்தட்ட அதேதான். கியர் பாக்ஸ் தரையில கிடக்கற அந்த நேரத்துல பைலட் பேரிங்கோட விலை 150. அதே பேரிங்கை மூணு மாசம் கழிச்சு மாத்தினா அதோட விலை 2,650 ப்ளஸ் ரெண்டு நாள் வருமானம். கடையில போட்டிருக்கற விலை மாறவே இல்லை, மாத்தற நேரம்தான் விலையை மாத்துது. இதுல வேடிக்கை என்னன்னா, ஜாமான் எவ்வளவு மலிவோ அவ்வளவுக்கு அதை அப்பவே மாத்தறதுதான் லாபம். நாம பண்றது நேர் தலைகீழ். 2,400 ரூபாய் பிளேட்டைக் கேள்வி கேக்காம வாங்குவோம், 350 ரூபாய் சீல்ல பேரம் பேசுவோம்.

"கையில பணமே இல்லைன்னா என்ன பண்றது?"ன்னு கேட்டா, இது ஒண்ணுதான் நான் மதிக்கிற எதிர்க்கேள்வி. எங்ககிட்டயும் அன்னிக்கு பத்தாயிரம் இல்லை. ஆனா பிளேட்டோட சீல், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் மூணையும் சேர்த்திருந்தா கூடுதலா 1,400 தான். 6,300 ல முடிஞ்சிருக்கும். கவரைத் தள்ளிப் போட்டது சரியான வேலை ஆகாது. ஆனா குஞ்சப்பனைக்கு மேல அப்பா ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சுத் தொங்கியிருக்க மாட்டார். 1,400 ரூபாயை யார்கிட்டயாவது கேட்டு வாங்கியிருக்கலாம். கேக்கத் தோணலை, ஏன்னா "பிளேட் மட்டும்"ங்கற வார்த்தை அவ்வளவு சுகமா இருந்தது.

"செட்டா வாங்குங்கறது கம்பெனிக்காரன் வியாபார தந்திரம்"னு இன்னொரு கோஷ்டி. ஜெர்மனில 1965 ல ஆரம்பிச்ச லூக் கம்பெனிக்கு நம்ம ஓசூர்லயே ஆலை இருக்கு, இப்ப ஷெஃப்லர் குழுமத்துக்குள்ள. அவங்க ரெப்செட்னு பிளேட், கவர், ரிலீஸ் பேரிங் மூணையும் ஒரே பெட்டியில போட்டுத்தான் விக்கறாங்க. வேற பல கம்பெனிகளும் அப்படித்தான். வியாபாரம்தான், யார் இல்லைன்னா? ஆனா அந்தப் பெட்டிக்குப் பின்னாடி ஒரு காரணமும் இருக்கு. வருஷக்கணக்கா சூடேறி ஆறின கவரோட முகம் கொஞ்சம் வளைஞ்சிருக்கும், ஸ்பிரிங் பிடி தளர்ந்திருக்கும், பேரிங் உரசற விரல் நுனிகள் ஏத்த இறக்கமாத் தேஞ்சிருக்கும். அதுமேல சமதளமான புது பிளேட்டை வெச்சா முழுப் பரப்பும் ஒட்டாது. வண்டி கிளம்பும்போது தடதடன்னு நடுங்கும். அங்கங்க மட்டும் உரசி அந்த இடம் மட்டும் கருகும்.

ஜாமானை வாங்கினா மட்டும் வேலை முடிஞ்சிடாது, மாட்டறது இன்னொரு கதை. காரமடைப் பெரியவர்கிட்ட ரெண்டு நாள் ஸ்டூல் போட்டு உக்காந்து பார்த்தேன். முதல் ஷெட்டுல நடந்ததை அப்பாகிட்டக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். ரெண்டுக்கும் நடுவுல இருந்தது திறமை வித்தியாசம் இல்லை, பொறுமை வித்தியாசம்.

ரிலீஸ் பேரிங்கை எடுத்துக்குங்க. முதல் ஷெட்டுல பழைய பேரிங்கை டீசல்ல முக்கி பளிச்சுன்னு கழுவி மறுபடி போட்டிருக்காங்க. சுத்தம் சோறு போடும்தான், ஆனா அது மூடின பேரிங். உள்ள இருக்கற கிரீஸ்தான் அதோட ஆயுசு முழுக்க வரணும், மறுபடி கிரீஸ் வைக்க வழியே கிடையாது. டீசல் உள்ள போய் அந்தக் கிரீஸைக் கரைச்சுடும். ஜனவரில கையில எடுத்துச் சுத்திப் பார்த்தா கரகரன்னு மணல் அரைக்கிற சத்தம்.

அப்புறம் ஃப்ளைவீல். பெரியவர் அதைக் கழட்டி வெளிச்சத்துல வெச்சுக் காட்டினார். அங்கங்க நீலம் பூத்த திட்டு, நடுவுல மயிரிழை மாதிரி கீறல்கள். அதிகச் சூட்டோட அடையாளம். லேத்துக்குக் கொடுத்து ஃபேஸிங் போட்டு வாங்கினார். கீறல் ஆழமா இருந்தா ஃபேஸிங் போட்டுப் பிரயோஜனமில்லை, ஃப்ளைவீலையே மாத்தணும்னும் சொன்னார். சில வண்டிகள்ல ஃப்ளைவீல் ஒரே சமதளமா இருக்காது, கவர் உக்கார்ற இடம் ஒரு படி உயரமா இருக்கும். அப்படின்னா உரசற முகத்துல எவ்வளவு சீவறாங்களோ அதே அளவு அந்தப் படியிலயும் சீவணும். இல்லைன்னா கவரோட அழுத்தமே மாறிடும். லேத்துக்காரர்கிட்ட இதைச் சொல்லி அனுப்பணும், அவரா கேக்க மாட்டார். ஃப்ளைவீலைக் கழட்டினாத்தான் கிராங்க் சீல் கைக்கு எட்டும், அதை மாத்தறதும் அப்பத்தான்.

பைலட் பேரிங்னு சொன்னேன் இல்லையா, அது கிராங்க் நுனியில உக்கார்ற சின்ன ஜாமான், கியர் பாக்ஸ் ஷாஃப்டோட மூக்கு அதுக்குள்ள சுத்தும். அது இறுகிப் போனா பெடலை முழுசா மிதிச்சாலும் ஷாஃப்ட் கூடவே சுத்தும், கியர் கர்ர்ர்ருன்னு கத்தும். உடனே நாம "கிளட்ச் செட்டிங் சரியில்லை"ன்னு ஷெட்டுக்கு ஓடுவோம்.

பிளேட்டை மாட்டறதுக்கு முன்னாடி அதுல எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்கணும்னு எழுதியிருக்கும், அதைப் படிக்கணும். சிரிக்காதீங்க, திருப்பி மாட்டி எல்லாத்தையும் மறுபடி கழட்டின கதை ஷெட்டுக்கு ஒண்ணு இருக்கு. பிறகு பிளேட் நட்ட நடுவுல உக்காரணும். அதுக்குப் பெரியவர் வெச்சிருந்தது ஒரு பழைய கியர் பாக்ஸோட ஷாஃப்ட், அதான் அவரோட டம்மி ஷாஃப்ட். அதை பிளேட் வழியா பைலட் பேரிங்குக்குள்ள சொருகி, பிளேட் தானா நடுவுக்கு வந்த பிறகுதான் கவர் போல்ட்டுகளை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா, சுத்திச் சுத்தி இறுக்கினார். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்ல, மேனுவல்ல போட்டிருக்கற அளவுக்கு. முதல் ஷெட்டுல கண்ணால பார்த்து நடுவுல வெச்சு, ஒரு பக்கத்துல இருந்து வரிசையா ஸ்பேனர்ல இறுக்கியிருக்காங்க. ஒரு பக்கமா இறுக்கினா கவர் கோணும். "கைக்கணக்கு தம்பி, முப்பது வருஷ அனுபவம்"பாங்க. முப்பது வருஷம் அளக்காம இருந்ததுக்குப் பேரு அனுபவமா?

எனக்கு ரொம்ப உறைச்ச விஷயம் கியர் பாக்ஸ் ஏத்தற இடம். அது நாப்பது கிலோவுக்கு மேல வரும். முதல் ஷெட்டுல ஒரு சின்னப் பையன் மல்லாந்து படுத்து நெஞ்சுல தாங்கிக்கிட்டு இருந்திருக்கான், இன்னொருத்தர் போல்ட் போட்டிருக்கார். ஷாஃப்ட் பிளேட்டுக்குள்ள பாதி நுழைஞ்ச நேரத்துல கியர் பாக்ஸ் தொங்கினா அவ்வளவு கனமும் புது பிளேட்டோட நடு ஹப்புல விழும், பிளேட் வளையும். புது பிளேட் போட்ட அன்னிக்கே கெட்டுப் போற வழி இது. பையன் கை நழுவினா என்ன ஆகும்னு நான் எழுதத் தேவையில்லை. பெரியவர் ஜாக்கு மேல கியர் பாக்ஸை வெச்சு, மட்டம் பார்த்து, கையால தள்ளினார். கடைசி ஒரு இஞ்ச் போகலை. நானா இருந்தா நாலு போல்ட்டை மாட்டி இறுக்கி இழுத்திருப்பேன். அவர் வெளிய எடுத்தார், மட்டத்தை மாத்தினார், பின்னாடி கியர் போட்டு ஷாஃப்டை லேசாத் திருப்பினார், சளக்குனு உள்ள போச்சு. "போல்ட் இருக்கறது பிடிச்சு வைக்கறதுக்கு தம்பி, இழுக்கறதுக்கு இல்ல"ன்னார். கியர் பாக்ஸ் முகத்துல இருக்கற டவல் பின் ரெண்டும் இருக்கான்னும் பார்த்தார். எங்க வண்டில ஒண்ணு இல்லை. முதல் ஷெட்டுல தொலைஞ்சுதா அதுக்கு முன்னாடியேவான்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அப்புறம் அந்தத் தூசி. கழட்டினதும் உள்ள கருப்பா மாவு மாதிரி இருக்கும். எல்லா ஷெட்டுலயும் ஏர் கன் வெச்சு புஸ்ஸுனு ஊதுவாங்க, மொத்தமும் அந்தப் பையன் மூக்குக்குத்தான். பழைய பிளேட்டுகள்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அதை முதல் பிரிவுல, அதாவது மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியானதுகள்ல வெச்சிருக்கு. இந்தியாவுல அதுக்கு இன்னும் முழுத்தடை கிடையாது. ஈரத்துணியாலயோ பிரேக் கிளீனர் அடிச்சோ துடைச்சா முடிஞ்சுது, அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.

இதையெல்லாம் யார் சோதிக்கிறாங்க? எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். அதுக்காக நாங்க பெயின்ட் அடிக்கிறோம், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டறோம், லைட்டெல்லாம் எரிய வைக்கிறோம். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி போய் நிக்கும். கியர் பாக்ஸுக்குள்ள என்ன இருக்குன்னு அங்க யாரும் திறந்து பார்க்க முடியாது, அதைக் குத்தமா சொல்லலை. அப்ப அது முழுக்க முழுக்க வண்டிக்காரனோட பொறுப்பு. ஓட்டறவன் உயிரும் எதிர்ல வர்றவன் உயிரும் 350 ரூபாய் ரப்பர் வளையத்துல தொங்குதுன்னா, அதைச் சொல்லித்தான் ஆகணும்.

பில் விஷயத்துலயும் இதே கூத்துதான். "பில் வேண்டாம்ணா, கம்மியாப் போட்டுக் கொடுங்க"ன்னு நாமளே கேப்போம். நாங்க வாங்கின காலத்துல கிளட்ச் ஜாமானுக்கு ஜி.எஸ்.டி. 28%. அதனால பில் இல்லாம வாங்கற ஆசை புரியுது. 2025 செப்டம்பர் 22 லேர்ந்து அது 18% ஆயிடுச்சு. பில் இல்லாத பெட்டிக்குள்ள அசலா போலியான்னு சொல்ல யாரும் இல்லை, போனா திருப்பிக் கொடுக்கவும் வழி இல்லை. டாக்ஸ் மிச்சம் பிடிச்சு வாரன்டியைத் தொலைக்கறதும் "பிளேட் மட்டும்" குடும்பத்துல பொறந்த யோசனைதான்.

மெக்கானிக்கைத் திட்டிட்டு முடிச்சிருந்தா இந்தப் பதிவு எனக்கு இன்னும் சுலபமா இருந்திருக்கும். டீசல்ல பேரிங்கைக் கழுவினது அவர் தப்பு, பையன் நெஞ்சுல கியர் பாக்ஸை வெச்சது பெரிய தப்பு. ஆனா சீல் கசியுதுன்னு சொன்னதும் அவர்தான், வேண்டாம்னு சொன்னது நாங்க. கூலியில ஐநூறு குறைங்கன்னு நிப்போம், சாயந்திரமே வேணும்போம். பிறகு அவர் டார்க் ரெஞ்ச் எடுக்கலை, ஜாக்கு வைக்கலைன்னு கோவிச்சுக்குவோம். ரெண்டு நாள் வேலைக்கு அரை நாள் காசு கொடுத்தா அரை நாள் வேலைதான் வரும்.

காரமடைல இருந்து வண்டி வந்த பிறகு முதல் 500 கிலோமீட்டர் மலை ஏத்தாதீங்க, கனமான லோடு வேண்டாம்னு பெரியவர் சொல்லி அனுப்பினார். புது பிளேட்டும் புது முகமும் ஒண்ணுக்கொண்ணு படிஞ்சு உக்கார நேரம் வேணும். அப்பா காரமடைக்கும் அன்னூருக்கும் நடுவுல அரை லோடு அடிச்சு அந்த 500 ஐ முடிச்சார். முனகிக்கிட்டேதான். கொண்டை ஊசி வளைவுல ஹேண்ட் பிரேக் போடாம அரை கிளட்ச்லயே வண்டியைப் பிடிச்சு நிறுத்தற பழக்கத்தை மட்டும் இன்னும் முழுசா விடலை. கேட்டா, "நீ கணக்கை எழுது, நான் வண்டிய ஓட்டறேன்"ங்கறார். அன்னிக்குப் போட்ட செட் இன்னும் ஓடிட்டு இருக்கு, அதே கேரட், அதே மலை.

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். அவர் வண்டியிலயும் நழுவுதாம். "ஏங்கண்ணு, பிளேட் மட்டும் மாத்தினா போதுமல்ல?"ன்னு கேட்டார். எங்க தவணைக்குக் கைமாத்து கொடுத்த அதே சித்தப்பா. ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிட்டுக் காரமடை போறேன்.

டிஸ்கி: இறுக்கற அளவு, ஃப்ளைவீல்ல எவ்வளவு சீவலாம், பெடல்ல எவ்வளவு ஃப்ரீ ப்ளே இருக்கணும், இதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். இதைப் படிச்சுட்டு யாரும் ஸ்பேனரைத் தூக்காதீங்க, உங்க வண்டி மேனுவலைப் பாருங்க. பெடல்ல செட்டிங் இருக்கற வண்டின்னா ஃப்ரீ ப்ளேயை அப்பப்ப பார்த்துக்குங்க. பிளேட் தேயத் தேய அது குறைஞ்சுக்கிட்டே வரும். சுத்தமா இல்லாமப் போச்சுன்னா பேரிங் எந்நேரமும் அழுத்திக்கிட்டே இருக்கும், நல்ல பிளேட்டும் நழுவும்.